மூன்றாம் லேன்

ஜூலை 7, திங்கள்

ரைபிள் கிளப்பில் பேசிக்கொள்வது தவறு. நான் பூபாலராயரைச் சுடவில்லை. சுட முயலவும் இல்லை. என்னுடைய இரண்டு குண்டுகள் அவருடைய டார்கெட் தாளில் விழுந்தன. நடந்தது அவ்வளவே. நான் நின்றது மூன்றாம் லேன், அவர் நான்காம் லேன். பக்கத்து லேன் தாளில் சுட்டால் புள்ளிகளைக் கழிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கழித்தார்கள். நானும் கையெழுத்திட்டேன். அதன் பிறகு டீக்கடை வரைக்கும் "கொரைரா அம்மா ஆளப் பாத்துச் சுட்டுட்டாவளாம்" என்று பரப்புவதற்கு எந்த விதியும் இல்லை.

தவறு எண் பலகைகளுடையது. கிளப்புக்குப் பின்னால் உப்பளம். உப்புக் காற்றில் வண்ணம் உதிர்ந்து, மூன்று எது நான்கு எது என்று தெரியவில்லை. செயலாளர் நூர்தீன் மரைக்காயருக்குப் போன் செய்து சொன்னேன். புதிதாக அடிக்கச் சொல்கிறேன் என்றார்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. கான்வென்டில் படித்தபோது என்.சி.சி.யில் ரைபிள் பிடித்தேன். பிஸ்டலுக்கு வந்தது நாற்பதுக்கு மேல். மாவட்டப் போட்டியில் என் பெயர் இல்லாத வருடங்கள்தான் குறைவு. "கண்ணு தெரியாத கிழவி" என்று யாரோ சொன்னார்களாம். இதை வந்து சொன்னவள் பெனடிக்டா. சொன்னது யார் என்று கேட்டால் வாய் திறக்க மறுக்கிறாள்.

பெனடிக்டா என் கணவரின் தங்கை. அவர் இறந்த பிறகு நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாயை மூடிக்கொள்ளவும் இல்லை.

ஜூலை 9, புதன்

வயதானால் கண் மங்கும் என்பதை எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். குழல் நுனியில் நிற்கும் சிறிய இரும்புத் துண்டுதான் முன் சைட். கண் அதைத்தான் கூர்மையாகப் பார்க்க வேண்டும். டார்கெட் கலங்கலாகத் தெரிந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் டார்கெட்டையே பார்த்துத் தோற்பார்கள். வயதானவர்கள் முன் சைட் தெரியாமல் தோற்பார்கள். நீட்டிய கையின் நுனி வாசிக்கும் கண்ணாடிக்கு எட்டாது. தூரப் பார்வைக் கண்ணாடிக்கு அது மிகவும் பக்கம்.

அதனால் பல வருடங்களுக்கு முன்பே கையை நீட்டி டேப் வைத்து அளந்து, அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி செய்துகொண்டேன். "இதப் போட்டுக்கிட்டு எதப் படிப்பிய?" என்று கேட்டார் கடைக்காரர். பிறகு அதுவும் போதாமல், வலது லென்சில் கறுப்புத் தாள் ஒட்டி நடுவில் ஊசித்துளை இட்டேன். துளை வழியே பார்த்தால் முன் சைட்டும் கூர்மையாகும், டார்கெட்டும் கொஞ்சம் தெளியும். இடது கண்ணை இறுக்கி மூடினால் முகம் களைத்துப்போகும். ஆகவே இடது லென்சுக்கு முன் ஓர் அட்டை. வியர்வையில் வளையாத அட்டை வேண்டும். என் கணவர் இறந்தபோது படமும் ஜெபமும் போட்டு அச்சடித்த நினைவு அட்டைகள் ஒரு கட்டு மிச்சம் இருந்தன. நல்ல கெட்டி.

அன்று பெனடிக்டா போட்ட கூச்சல் நினைவிருக்கிறது. "எங்க அண்ணன் மூஞ்சியவா மைனி வெட்டுதிய?"

"மூஞ்சிய வெட்டல. ஜெபம் அச்சடிச்ச பாதியத்தான்."

"அது மட்டும் பாவமில்லயாக்கும்?"

"அந்த ஜெபம் எனக்கு மனப்பாடம்."

ஜூலை 11, வெள்ளி

மாதா திருவிழாவுக்கு முன் குளியலறை டைல்ஸ் மாற்றுகிறோம். எசக்கி கொத்தனார் ஒட்டியதைப் பார்த்தேன். நடுவரிசை அலை போல வளைந்திருக்கிறது. பெயர்த்து ஒட்டச் சொன்னேன். அவர் ரசமட்டத்தை வரிசையின் மேல் வைத்தார்.

"நீங்களே பாருங்கம்மா. கொமிழு நடுவுலதான நிக்கி."

"ஒங்க ரசமட்டம் பழசு."

"போன மாசந்தான் வாங்கினேன்."

"அப்போ கடையில ஏமாந்துட்டிய."

பெயர்த்தார். மறுபடி ஒட்டினார். அதே இடத்தில் அதே வளைவு. பெனடிக்டாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்னை அதிக நேரம் பார்த்தாள்.

"நேராத்தான மைனி இருக்கு."

இவள் ஊசியில் நூல் கோத்தே பல வருடம் ஆகிறது. கான்வென்ட் தையல் வகுப்பில் மதர் பெர்பெத்துவா ஒரு தையல் விலகினாலும் முழுக் கரையையும் பிரிக்க வைப்பார். நேர்கோடு எது என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 13, ஞாயிறு

எண் பலகைகளுக்குப் பேருந்து எண் அளவில் வண்ணம் அடித்துவிட்டார்கள். இனி அதைக் குறை சொல்ல முடியாது.

சரியாகச் சுடவில்லை. முன் சைட் வலப்பக்கம் மடங்கியிருக்கிறது. ரேஞ்ச் ஆபீசர் ஆறுமுகநயினாரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர், அளந்து பேசுகிறவர். என் பிஸ்டலை வாங்கி ஐந்து முறை சுட்டார். ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள்.

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றார். 'துப்பாக்கி' என்ற சொல்லில் ஓர் அழுத்தம் இருந்தது.

"கண்ண ஒருக்கா காட்டிருங்களேன்."

போன வருடம்தான் காட்டினேன் என்றேன். அதற்கும் முந்தைய வருடமாக இருக்கலாம்.

ஜூலை 16, புதன்

தையல்காரர் தைத்த சட்டையின் கரை கோணல். திருப்பி அனுப்பினேன். தபால்காரர் முகத்தில் சாம்பல் நிறத்தில் என்னவோ அப்பியிருந்தது. துடைக்கச் சொன்னேன். துடைத்தார். போகவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நூர்தீன் மரைக்காயர் வீட்டுக்கு வந்தார். கையில் மக்ரூன் பெட்டி. இனிப்போடு வருகிறவர் நல்ல செய்தியோடு வருவதில்லை.

"கமிட்டியில பேசினோம்மா. எல்லாருக்கும் ஒரே ஆசை. நீங்க எங்களுக்குக் கௌரவத் தலைவரா இருக்கணும். ஆகஸ்ட் பத்தாம் தேதி போட்டிக்கு முன்வரிசையில ஒங்களுக்கு நாற்காலி. பரிசெல்லாம் ஒங்க கையாலதான்."

"எனக்குப் பரிசு வாங்கித்தான் பழக்கம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பெனடிக்டா நடுவில் டீயை வைத்தாள்.

"நாற்காலியில உக்காந்தா, லேன்ல யாரு நிப்பா?" என்று கேட்டேன்.

"புதுசா நெறைய பேரு வாராங்கம்மா…"

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். பத்தாம் தேதி மூன்றாம் லேனில் சுடுவேன். முதல் ஐந்து பேருக்குள் வந்தால் லேன் என்னுடையது. யாரும் எதுவும் பேசக்கூடாது. வராவிட்டால் நாற்காலியில் உட்காருகிறேன். சரி என்றார். இவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

என் கணவர் இறந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். கோயிலில் படியேறும்போது யாராவது முழங்கையைப் பிடிக்கிறார்கள். வங்கியில் "ஒக்காருங்க பாட்டி" என்கிறார்கள். லேனில் நிற்கும்போது யாரும் என்னைத் தொடக்கூடாது, அது விதி. நான் கையை உயர்த்தி இறக்கும்வரை உலகத்தில் எனக்கு யாருடைய உதவியும் தேவையில்லை. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் மிச்சம் இருப்பது முழங்கைதான்.

இதை இங்கே எழுதிவிட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன்.

ஜூலை 24, வியாழன்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். முன் சைட்டை நேராகப் பார்த்தால் அதன் மேல் ஒரு புகை உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் இடப்பக்கம் பார்வையை நகர்த்தினால் புகையும் நகர்கிறது. முன் சைட் தெரிகிறது. ஆகவே பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். துடைப்பக் கட்டையை நீட்டிப் பிடித்து வீட்டில் பழகினேன். மாலையில் ரேஞ்சுக்குப் போனேன். பெரும்பாலும் கறுப்பில்.

"அட, கொரைராம்மா! பழைய கை திரும்பிட்டே!" என்று பூபாலராயர் கை தட்டினார்.

பல வருடங்களாக என்னைத் தோற்கடிக்கப் பார்க்கும் மனிதர். நன்றி சொன்னேன். வழியைச் சொல்லவில்லை.

ஜூலை 26, சனி

மாதா கோயில் கொடியேற்றம். நல்ல கூட்டம். கொடிமரம் நடுவில் வளைந்திருந்தது. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பெனடிக்டாவிடம் சொன்னேன்.

"ஆமா மைனி" என்றாள்.

அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது எனக்குப் பயமாக இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

பயிற்சிக்காகத் துப்பாக்கிக் கண்ணாடியை எடுத்தபோது அட்டை கழன்று விழுந்தது. மறுபடி செருகினேன். அவசரத்தில் வலது பக்கம் செருகிவிட்டேன் போலிருக்கிறது. குளியலறைக் கதவருகே நின்று துடைப்பக் கட்டையை உயர்த்தினேன்.

டைல்ஸ் நேராக இருந்தது.

நடுவரிசை, மேல்வரிசை, எல்லாம். அட்டையை இடப்பக்கம் மாற்றினேன். அலை வந்தது. மறுபடி வலப்பக்கம். போய்விட்டது. பெனடிக்டா வரும்வரை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மைனி செய்யிதிய?"

"கண்ணாடி தொடைக்கேன்."

இன்று வேறு எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

டாக்டரிடம் பத்தாம் தேதிக்குப் பிறகு போகலாம். முன்பே போனால் கண்ணைத் தொடுவார்கள், மருந்து விடுவார்கள், போட்டி போய்விடும். வலது கையில் பிடித்து இடது கண்ணால் பார்க்கிறவர்கள் உண்டு. அதற்குக் கழுத்து திரும்ப வேண்டும். தேய்ந்துபோன என் கழுத்து அவ்வளவு திரும்பாது. முயன்று பார்த்ததில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெனடிக்டா சாப்பாட்டு மேசையில் தட்டைத் தள்ளிவைத்தாள். "கண்ணக் காட்டுத வரைக்கும் நான் சாப்பிட மாட்டேன்."

"ஒனக்குச் சக்கர இருக்கு. சாப்பிடு."

"ஒங்களுக்குக் கண்ணு இருக்கு. காட்டுங்க."

சாயங்காலம் அவள் ரகசியமாக பிஸ்கட் தின்றதைப் பார்த்தேன். இடது கண்ணால்.

நவநாளில் எல்லோரும் என்னென்னவோ கேட்கிறார்கள். நான் பார்வை கேட்கவில்லை. பத்தாம் தேதி வரை புகை பெரிதாகாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

திருவிழா. வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தேன். மாதா நேராக நின்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

புகை பெரிதாகியிருக்கிறது. பார்வையை இன்னும் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. தள்ளிப் பார்த்தால் முன் சைட் கூர்மை இழக்கிறது. இரண்டே நாள். தாங்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும். நாளைக்கு வேறுவிதமாகப் பேசுவார்கள்.

முதல் பூசைக்குப் போய்விட்டு ரேஞ்சுக்குப் போனோம். பெனடிக்டாவும் கூட வந்தாள். வர வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒன்று மட்டும் மெத்தை வைத்த நாற்காலி. அதைப் பார்க்காமல் மூன்றாம் லேனுக்குப் போனேன். பிஸ்டலை வெறுமையாக்கி, திறந்த நிலையில் மேசையில் வைத்தேன். புதுத் தாள் ஒட்ட எல்லோரும் டார்கெட் பக்கம் நடந்தார்கள். ஆட்கள் முன்னால் இருக்கும்போது யாரும் ஆயுதத்தைத் தொடக்கூடாது. நான் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் தாளை ஏற்கனவே ஒட்டியாகிவிட்டது. கண்ணைப் பழக்க, இடது கண்ணை அட்டை மறைத்த துப்பாக்கிக் கண்ணாடியை மாட்டி அதை நேராகப் பார்த்தேன்.

"என்ன கொரைராம்மா, என்னையே மொறைக்கிய? இன்னும் கோவம் போகலியா?"

பூபாலராயர் குரல். என் டார்கெட் இருந்த இடத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

பார்வையை இடப்பக்கம் தள்ளினேன். அவர் இருந்தார். என் தாளுக்கு முன்னால், பசை டப்பாவோடு. மறுபடி நேராகப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையின் கீழ்ப்பாதி இருந்தது. கால்கள் இருந்தன. தோளுக்கு மேல் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறம் மட்டும்.

"பேசுங்க ராயர்" என்றேன்.

"என்னத்தப் பேச?"

"ஏதாவது பேசுங்க."

"இன்னைக்காவது ஒங்க தாள்ல சுடுவியளா? இல்ல, நான் ரெண்டு தாள் ஒட்டிக்கிடவா?" என்று சொல்லிச் சிரித்தார். தலை இல்லாத இடத்திலிருந்து சிரிப்பு வந்தது.

எல்லோரும் கோட்டுக்குத் திரும்பினார்கள். முன்னால் யாரும் இல்லை என்று ஆறுமுகநயினார் உரக்க அறிவித்தார். அதை அவர் சொன்னதால் எனக்குத் தெரியும். பிறகு குண்டு நிரப்பச் சொன்னார். இருபுறமும் இரும்புச் சத்தம் கேட்டது. நான் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் வைத்தேன். பிறகு ஒரு கையை உயர்த்தினேன். பழுது ஏற்பட்டால் அப்படித்தான் உயர்த்த வேண்டும்.

அவர் வந்தார். "என்ன மேடம், துப்பாக்கியில கோளாறா?"

"துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு."

அவருக்குப் புரிந்தது. என் பிஸ்டலை எடுத்துச் சோதித்து, பெட்டியில் வைத்து மூடினார். நான்காம் லேனிலிருந்து பூபாலராயர், "அப்போ அன்னைக்கு என் தாள்ல விழுந்தது…" என்று தொடங்கினார். தலையைத் தடவிக்கொண்டார்.

மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தேன். போட்டி முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்தாள். நான் உதறவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், பெயர் முத்துச்செல்வி. கட்டம் கட்டமாகக் கோடு போட்ட தாளை நீட்டி, ஒரு கண்ணை மூடி நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னாள்.

"கோடெல்லாம் நேரா இருக்காம்மா?"

"எங்க குளியலற மாதிரி இருக்கு" என்றேன்.

பெனடிக்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

கண்ணின் பின்திரையில் ரத்தக்குழாய் கசிகிறதாம். வயதில் வருவது. கண்ணாடியால் சரிவராது. கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், ஒருமுறையல்ல. போன நடுப்பார்வை திரும்பும் என்று உறுதி இல்லை. மேலும் போகாமல் தடுக்கப் பார்க்கலாம்.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"போன வாரம்" என்றேன்.

"மே மாசம்" என்றாள் பெனடிக்டா. "காப்பிய டம்ளருக்கு வெளிய ஊத்தினாவ. நாந்தான் தொடச்சேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்பவே வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னாள். இடது கண்ணிலும் ஆரம்ப அடையாளங்கள் இருக்கின்றன. அதிலும் கோடுகள் வளையலாம், வளையாமலும் இருக்கலாம். தினமும் காலையில் கட்டத் தாளைப் பார்க்க வேண்டும். ஒரு கோடு அசைந்தாலும் உடனே வர வேண்டும்.

ஆட்டோவில் பெனடிக்டாவிடம் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என் கண்ணத்தான் கொற சொல்லியிருப்பிய."

உண்மைதான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஊசி போட்டார்கள். வலி பெரிதில்லை. ஊசி வருவது தெரிந்தது. அதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஒன்பது மணிக்கு உப்பளப் பக்கமிருந்து முதல் சத்தம் கேட்டது. அவ்வளவு தூரம் கேட்காது என்கிறாள் பெனடிக்டா. கேட்டது. நாள் முழுவதும் படுத்திருந்தேன். சாப்பிடவில்லை. எழுந்து என்ன செய்வது என்று யோசித்து ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

எசக்கி கொத்தனாரை வரச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"ரசமட்டம் புதுசுதாம்மா" என்றார்.

கட்டத் தாள், இடது கண்: நேராக இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

சமையலறையிலிருந்து ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்தேன். ஏர் பிஸ்டலின் கனம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். இடது கையில் பிடித்து நீட்டினேன். கை கடலில் கிடக்கும் தோணி போல ஆடியது. பத்து எண்ணுவதற்குள் இறக்கிவிட்டேன். மறுபடி நீட்டினேன்.

"மைனி, உப்பக் கொட்டினா வீட்டுல சண்ட வரும்."

"நமக்கு இனிமேத்தான் வரணுமா?"

அவள் போய்த் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

இடது கை இன்று கொஞ்சம் அடங்கியது. இடது கண்ணுக்கு உப்புப் பாக்கெட்டின் மேல்விளிம்பு நேராக, கூர்மையாக நிற்கிறது. அதற்கு அப்பால் கதவு கலங்கலாகத் தெரிகிறது. அப்படித்தான் தெரிய வேண்டும்.

நினைவு அட்டையைக் கண்ணாடியின் வலப்பக்கம் நிரந்தரமாக ஒட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் பெனடிக்டா அதைத் திருப்பிப் பார்த்தாள். அண்ணன் முகம் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று எழுதியது. நாளைக் காலைத் தபாலில் சேர்க்க வேண்டும். நகல் இங்கே.

ரைபிள் கிளப் செயலாளர் அவர்களுக்கு,

கௌரவத் தலைவர் பதவியை ஏற்க எனக்கு விருப்பம் இல்லை. பொன்னாடையைத் தனியே திருப்பி அனுப்புகிறேன்.

என் வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஜூலையில் பூபாலராயர் தாளில் நான் சுட்டதற்கு எண் பலகை காரணமல்ல. அவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். என் பிஸ்டல் உங்கள் ஆயுத அறையில் இருக்கிறது. அதை இனிக் கேட்கமாட்டேன்.

நான் கேட்பது, சனிக்கிழமை காலையில் புதியவர்களுக்கு நடக்கும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் வகுப்பில் ஓர் இடம். இடது கை, இடது கண். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் பள்ளிப் பிள்ளைகள் என்பது தெரியும். வரிசையில் கடைசியில் நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன் ஆறுமுகநயினார் விரும்பும் எந்தச் சோதனையையும் எனக்கு வைக்கலாம். இடது கண்ணிலும் கோடு வளையத் தொடங்கினால், யாரும் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட்டு விலகிக்கொள்வேன். பத்தாம் தேதி நான் நடந்துகொண்டதை இதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

முடியும் என்றாலும் முடியாது என்றாலும் பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போன் வேண்டாம். இனிப்போடு வரவும் வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கத் தேவையில்லை. சாதாரண அளவே போதும். அதை நானே வாசிக்க விரும்புகிறேன். ஆகவே தாமதிக்காமல் எழுதுங்கள்.

எமரென்சியா கொரைரா